பன்னிரண்டு வோல்ட்டுதானே, என்ன ஆகிவிடும்?

மாடல் ரயிலின் வயர் கருகி நான் போகும் மூன்றாவது வீடு இது, இந்த வருஷத்தில் மட்டும். சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு). நான் பசியாறிக்கொண்டிருக்கும்போது போன். "தம்பி, பரண்ல ஏதோ கருகுற வாடை." பேசிய ஐயா, தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ரிட்டயர் ஆனவர். ஏணி போட்டு ஏறினால், கூரைக்கு அடியில் ஒரு குட்டி ஊர்: லயத்து வீடுகள், ரப்பர் மரங்கள், முனியாண்டி கோயில், அதைச் சுற்றி ரயில். பலகைக்கு அடியில் ஒரு ஜாயிண்ட் உருகி, பிளைவுட் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது.

"பன்னெண்டு வோல்ட்டுதானே தம்பி, ஷாக்கே அடிக்காதே?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஷாக் அடிக்காது, சரி. தீப்பிடிக்காது என்று யார் சொன்னது? உங்கள் காடி பேட்டரியும் 12 வோல்ட்தான். அதன் இரண்டு முனையிலும் ஸ்பேனர் பட்டால் என்ன நடக்கும் என்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்டுப் பாருங்கள். சூடு உண்டாக்குவது ஆம்பியர். ரயிலை ஓட்ட ஐயா வைத்திருந்த டிஜிட்டல் கண்ட்ரோலர் 15 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 75 வாட். நான் ஈயம் வைக்கும் அயனே 40 வாட்தான்!

"ஷார்ட் ஆனா தானா ஆஃப் ஆகுமே?" ஆகும், கரண்ட் 5 ஆம்பியரைத் தாண்டினால். ஐயா போட்டிருந்ததோ பழைய டெலிபோன் வயர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்டுகள். வண்டி தடம்புரண்டு ஷார்ட் ஆனாலும், அந்த வயரும் ஜாயிண்டும் கரண்டை 4 ஆம்பியரிலேயே மறித்துவிடும். நாலைந்து ரயில் ஓடுகிறது என்று கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். சூடு முழுக்க லூசான ஜாயிண்டில் குவியும். வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பாக்ஸில் உள்ள ஈஎல்சிபியும் இதைப் பார்க்காது. அது எர்த்துக்குக் கசியும் கரண்டை மட்டும்தான் கவனிக்கும்.

ஆகவே, பலகைக்கு அடியில் கரண்டைக் கொண்டுபோகும் மெயின் லைனுக்கு வீட்டு வயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லி வயர். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஓர் இடத்திலாவது அதிலிருந்து தண்டவாளத்துக்கு இணைப்பு, அதுவும் ஈயம் வைத்து. முடிந்ததும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு 50 சென் காசை ஒவ்வோர் இடமாக வைத்துப் பாருங்கள். வைத்த உடனே கண்ட்ரோலர் ட்ரிப் ஆக வேண்டும், அதாவது தானாக ஆஃப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வயரிங் சரியில்லை.

பரணைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலிங் பலகை தரை இல்லை! சிலிங் சட்டங்கள் பலகையைத் தாங்கப் போட்டவை, உங்களைத் தாங்க அல்ல. முதலில் ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளின் சிலிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நீங்களாகத் துளை போடாதீர்கள்.

கூரை தாழ்வென்றால் நின்று ஓட்டும் ஆசையை விடுங்கள். நடுவில், முகட்டுக்குக் கீழே, உருளும் ஆபீஸ் நாற்காலி. சுற்றி 60 சென்டிமீட்டர் அகலத்தில் மேடை, கூரை சரிவது மேடைக்குப் பின்னால். அதற்கு மேல் அகலமானால் பின்னால் கவிழ்ந்த வண்டிக்குக் கை எட்டாது, பலகை மேலேதான் தவழ வேண்டும். இடம் குறைவென்றால் 1:160 அளவுதான் (நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு) புத்திசாலித்தனம். மேலே ஒரு லைன், கீழே ஒரு லைன் என்று ஆசைப்பட்டால் கணக்குப் பாருங்கள்: 2 சதவீத ஏற்றத்தில் 5 சென்டிமீட்டர் ஏற 2.5 மீட்டர் ஓட வேண்டும்.

மதியம் பரணில் என் தெர்மோமீட்டர் 47 காட்டியது. 5 மீட்டர் தண்டவாளம் 25 டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லி நீளும். ஜாயிண்டில் இடைவெளி விடாமல் பதித்தால் வெயில் நேரத்தில் நெளியும். மலை செய்யும் வெள்ளை பாலிஸ்டைரீனுக்குள் வயரைப் புதைக்காதீர்கள். அது சுலபமாகத் தீப்பிடிக்கும். பிவிசி வயர் அதில் ஒட்டிக்கிடந்தால் வயரின் உறையும் நாளடைவில் விறைத்து விரிசல் விடும். (எலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை வேண்டும்.)

சுவிட்ச் ஏணிக்குக் கீழே இருக்கட்டும். இறங்கியதும் அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. மேலே ஒரு ஸ்மோக் அலாரம் மாட்டுங்கள்.

ஐயா வீட்டில் பதினொரு இடத்தில் காசு வைத்துப் பார்த்தேன். நான்கில் ட்ரிப் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வயர் மாற்றப் போகிறேன். அவர் பேச்சை நம்ப முடியாது என்பதால், கண்ட்ரோலரின் அடாப்டர் இப்போது என் காடியில் இருக்கிறது.