காம்பாக்டா, மிட்சைஸா? புக்கிங் போடும் முன் டேப்பைக் கையில் எடுங்கள்

புக்கிங் ரசீதோடுதான் வருகிறார்கள். "மிட்சைஸ் எஸ்யூவி போட்டுட்டோம் சார், சரிதானே?" முன்பணம் கட்டுவதற்கு முந்தின நாள் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் கேள்வி. புது வண்டியை டெலிவரிக்கு முன் சோதித்துத் தரும் வேலையில் இருப்பவர்களுக்கு இது வாராவாரம் நடக்கிற கதை. கடைசியாக வந்த குடும்பத்துக்கு, அடுக்குமாடியில் இரண்டு தூண்களுக்கு நடுவில் நிறுத்தும் இடம். வண்டி உள்ளே போய்விடுகிறது. ஆனால் பின்கதவைப் பாதிக்கு மேல் திறக்க வழியில்லை. வீட்டிலிருக்கும் பாட்டியைக் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே இறக்கிவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுகிறார்கள். வண்டியை மாற்ற முடியாது, தூணை நகர்த்த முடியாது. இனி என்ன யோசனை சொல்வது?

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு நம்பிக்கை: மிட்சைஸ் என்றால் எல்லாவற்றிலும் பெரியது, காம்பாக்ட் என்றால் எல்லாவற்றிலும் சிறியது. இது தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 'காம்பாக்ட் எஸ்யூவி' என்ற பிரிவு வரிக் கணக்கில் பிறந்தது. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் என்பது நிபந்தனை. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40 சதவீதம். நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், கைலாக் எல்லாமே 3995 மி.மீ. நீளத்தில் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் குடும்பம் வசதியாக உட்காருமா என்பதற்கும் இந்தக் கோட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கம்பெனிகள் தரும் அளவுகளையே எடுத்துப் பாருங்கள். மிட்சைஸான கிரெட்டாவின் நீளம் 4330 மி.மீ. காம்பாக்டான மஹிந்திரா 3எக்ஸ்ஓ 3990. வித்தியாசம் 340 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு அடி. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான வீல்பேஸ் கிரெட்டாவில் 2610, 3எக்ஸ்ஓவில் 2600. பத்தே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த ஒரு அடி எங்கே போனது? மூக்குக்கும் டிக்கிக்கும் போனது. டிக்கி கிரெட்டாவில் 433 லிட்டர், 3எக்ஸ்ஓவில் 364. ஆக, பெட்டிகளுக்கு இடம் கூடியிருக்கிறது. அதே அளவு கால்களுக்கும் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள்.

அகலத்தில் கதை இன்னும் தலைகீழ். பின்சீட்டில் மூன்று பேர் உட்காரத்தானே பெரிய வண்டி கேட்கிறீர்கள்? 3எக்ஸ்ஓவின் அகலம் 1821 மி.மீ., நெக்ஸான் 1804, கிரெட்டா 1790, குஷாக் 1760. முதல் இரண்டும் காம்பாக்ட், பின்னவை மிட்சைஸ். இது வெளி அளவு. உள்ளே தோளுக்குக் கிடைக்கும் இடம் கதவின் தடிமனைப் பொறுத்து மாறும், அதனால் உட்கார்ந்தேதான் பார்க்க வேண்டும். தரை இடைவெளியும் அப்படித்தான். நெக்ஸானில் 208 மி.மீ., கிரெட்டாவில் 190. ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டாமல் இருக்கப் பெரிய வண்டி வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்க்கட்டும்.

நெக்ஸானுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதன் வீல்பேஸ் 2498. உயரமான ஒருவர் ஓட்ட, அவருக்குப் பின்னால் இன்னொரு உயரமானவர் உட்காரும் வீடு என்றால் முழங்காலுக்கு அது தெரியும். ஒரே பிரிவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது பிரிவின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது எப்படிச் சரியாகும்?

இன்ஜினுக்கு வருவோம். "மிட்சைஸ்ல பவர் ஜாஸ்தி" என்பதும் பாதிதான் உண்மை. கைலாக்கில் இருக்கும் 999 சிசி, 115 பிஎஸ் டர்போ இன்ஜின்தான் குஷாக், டைகுன் வண்டிகளின் 1.0 மாடல்களிலும் இருக்கிறது. வென்யூ, சோனெட் டீசலில் இருக்கும் 1493 சிசி இன்ஜினே கிரெட்டா டீசலிலும் இருக்கிறது. பிரெஸ்ஸாவின் 1462 சிசி பெட்ரோல் இன்ஜினைத்தான் கிராண்ட் விட்டாராவின் சாதாரண பெட்ரோல் மாடலிலும் வைத்திருக்கிறார்கள். அதே இன்ஜின் கூடுதல் எடையை இழுத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. மிட்சைஸுக்கு உண்மையாகவே மேல்கை இருப்பது 1.5 டர்போ பெட்ரோல், ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் வண்டியை ஓட்டுவது) போன்ற இன்ஜின்களில். அவை வேண்டும் என்றால் தாராளமாக மேலே போங்கள். ஸ்ட்ராங் ஹைப்ரிடில் பேட்டரி டிக்கியில் இடம் பிடிக்கும் என்பதை மட்டும் நேரில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு தொழில் குறிப்பு: பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருந்தாலும் 1462 சிசி பெட்ரோல் என்பதால் 40 சதவீத வரியில் வருகிறது. 1497 சிசி நெக்ஸான் டீசல் 18 சதவீதத்தில் வருகிறது. விலைப் பட்டியல் குழப்பமாகத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இனி தமிழ்நாட்டில் பதிவு செய்பவர்களுக்கு. 2023 நவம்பரில் ஆயுள் வரி மாறியது. வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இது வருமான வரி மாதிரி படிப்படியாகக் கணக்கிடுவது இல்லை, கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் புது சதவீதம். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. பத்தாயிரம் சேர்த்து 10,05,000 ரூபாய் மாடலுக்குப் போனால் வரி 1,80,900. விலையில் பத்தாயிரம் ஏறியதற்கு வரியில் 51,550 ஏறுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) வேறு. அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனாலும் டெலிவரி அன்று கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஷோரூமில் "ஒரு மாடல் மேல போங்க சார், கொஞ்சம்தான் வித்தியாசம்" என்று சொல்லும்போது, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வாங்குங்கள்.

"மாசம் நாலாயிரத்து எண்ணூறுதானே கூட" என்பது அடுத்தது. 3 லட்சம் கூடுதல் கடன், 9 சதவீத வட்டி, 84 மாதம் என்றால் தவணை சுமார் 4,830 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 4 லட்சத்து 5 ஆயிரத்துக்குச் சற்று மேல். அதோடு கிரெட்டாவின் மேல்மாடல்களில் இருப்பது 17 அங்குல டயர், பெரும்பாலான காம்பாக்ட்களில் 16. நாலு டயரும் ஒன்றாக மாற்றும் நாளில் அந்த ஒரு அங்குலத்தின் விலை தெரியும். மூன்றாண்டு கட்டாயத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வண்டியின் நீளத்தைப் பார்க்காது. அது சிசியைப் பார்க்கும். 2022-இல் வந்த கட்டணப்படி 1000 சிசிக்குள் 6,521 ரூபாய், 1500 சிசி வரை 10,640.

ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். தயவுசெய்து. முதலில் ஓட்டுபவர் தன் உயரத்துக்கு முன்சீட்டைச் சரிசெய்ய வேண்டும். காட்சி வண்டியில் அது முழுக்க முன்னே தள்ளியே இருக்கும், பின்னால் மைதானம் மாதிரி தெரியும். சரிசெய்த பிறகு அதற்குப் பின்னால் உட்காருங்கள். தொடைக்கு அடியில் சீட் தாங்குகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? நடுவில் உட்காருபவருக்கு மூன்று முனை பெல்ட்டும் தலை தாங்கியும் உண்டா? வயதானவர் ஏறும்போது சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறதா, எம்பி ஏற வேண்டியிருக்கிறதா? முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது வண்டியின் நீளத்தைவிட முக்கியம். வழக்கமாக ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டிகளை நிஜமாகவே எடுத்துப்போய் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். லிட்டர் கணக்கை ஜன்னல் மட்டம் வரை அளப்பவர்களும் உண்டு, கூரை வரை அளப்பவர்களும் உண்டு.

பானரமிக் சன்ரூஃப் உள்ள மாடலில் பின்சீட்டில் தலை இடிக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். நம் வெயிலுக்கு அது எதற்கு என்பது வேறு விஷயம். வேப்பிலையும் சருகும் அடைத்துக்கொண்டால் சன்ரூஃபின் வடிகால் குழாய் நிரம்பி, தண்ணீர் தூண் வழியாகக் கார்பெட்டுக்கு அடியில் இறங்கும். மழைக்காலத்தில் பட்டறைக்கு வரும் 'காரணம் தெரியாத' மின்கோளாறுகளில் இதுவும் ஒன்று.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு முடிக்காதீர்கள். ஐந்து பேர், ஏசி முழுக்க, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறையின் 40-உம் அந்த ஏற்றத்தைவிடக் கடுமையானவை. உலர் கிளட்ச் டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் எடுத்தால் ஏற்ற நெரிசலில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கிளட்ச் சூடாகும். தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் டீசல் பக்கமே போக வேண்டாம், புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைக்கும்.

பாதுகாப்பு. "பெரிய வண்டி, அதனால சேஃப்." இல்லை. 4 மீட்டருக்குள் அடங்கும் நெக்ஸான், 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றும் இந்தியாவின் மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் 5 ஸ்டார் வாங்கியவை. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதும்போது எடை கூடிய வண்டிக்குச் சாதகம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சோதனையே செய்யப்படாத ஒரு வண்டியை நீளத்தை மட்டும் நம்பி வாங்குவதற்கு அது காரணமாகாது. நீங்கள் வாங்கப்போகும் மாடல் சோதிக்கப்பட்டதா, எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்று பாருங்கள். பழைய தலைமுறை வாங்கிய ஸ்டார் புதிய தலைமுறைக்கு ஒட்டாது.

ஒரே விலையில் காம்பாக்டின் மேல்மாடலும் மிட்சைஸின் அடிமாடலும் கிடைக்கும்போதுதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இதற்கு ஒரே அளவுகோல் போதும்: பின்னால் சேர்க்க முடியாதது எதில் இருக்கிறது? ஏர்பேக், இஎஸ்சி (வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி), கியர்பாக்ஸ், ஓட்டுநர் சீட் உயரம் மாற்றும் வசதி, பின்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் டீஃபாகர் ஆகியவற்றை வெளியில் போட முடியாது. ஸ்பீக்கர், கேமரா, அலாய், சீட் கவர் போட முடியும். அதிலும் வயரை வெட்டி ஒட்டும் கடைக்காரரிடம் கொடுத்தால் வாரண்டியை மறந்துவிடுங்கள்.

நிறுத்தும் இடத்துக்கு டேப் எடுங்கள் என்றேனே, அதைச் செய்யும் முறை இது. 2.5 மீட்டர் அகல இடத்தில் 1.79 மீட்டர் அகல வண்டி நடுவில் நின்றால் பக்கத்துக்கு 35 செ.மீ.தான் மிஞ்சும். ஒரு பக்கம் ஒட்டி நிறுத்தினால்தான் மறுபக்கம் ஆள் இறங்க முடியும். அங்கே தூண் இருந்தால், கதவு திறக்கும் இடத்தில் தூண் வருகிறதா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். அடுக்கு இயந்திரப் பார்க்கிங் என்றால் தட்டில் எழுதியிருக்கும் உயர வரம்பையும் எடை வரம்பையும் படியுங்கள். எல்லாத் தட்டும் எஸ்யூவிக்கு ஆனவை அல்ல. தெருமுனை திருப்பத்தை டெஸ்ட் டிரைவ் வண்டியிலேயே வீடு வரை ஓட்டிவந்து பார்த்துவிடுங்கள். கேட்டால் தருவார்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் பதிவுக்கு முன்பே சோதனையைச் செய்துவிட வேண்டும், பதிவான பிறகு பேச்சுக்கு இடமில்லை. படிவம் 22-இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஐந்து டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள்.

பிறகு முன்னால் ஒரு இரும்புக் கம்பி வளையம் மாட்டச் சொல்லாதீர்கள். கிராஷ் கார்டுக்கு மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டது. மோதலின் விசையை அது நேராகச் சேஸிஸுக்குக் கடத்தும், ஏர்பேக் விரிய வேண்டிய கணக்கையும் குழப்பும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றே கழற்றுங்கள்.

சீட் கவரும் அப்படித்தான். முன்சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய பட்டை தெரிந்தால் அதை மூடும் கவர் வேண்டவே வேண்டாம். பின்சீட்டில் கவர் போடும்போது பெல்ட் கொக்கிகளை உள்ளே அமுக்கிவிடுகிறார்கள். டெலிவரி எடுக்கும் அன்றே மூன்று கொக்கிகளையும் வெளியே இழுத்து, மூன்று பெல்ட்டையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள், குழந்தைகள் கையாலேயே.