ஈட்டியாலஜி: நோய் எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பெற்றோருக்கான பிள்ளைப் பாதுகாப்புப் பேச்சு எங்கே நடந்தாலும் ‘பாலியல் குற்றத்தின் நோய்க்காரணவியல்’ என்று ஒரு வரி திரையில் வந்துவிடுகிறது. போன முறை கோயில் மண்டபத்தில் ஒரு பாட்டி, “அப்போ இது வியாதியா ஐயா, மருந்து கொடுத்தா சரியாயிடுமா?” என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது.

இதன் ஆங்கில மூலச்சொல் ஈட்டியாலஜி (etiology), அதாவது ஒன்று எதனால் உண்டாகிறது என்று ஆராய்வது. கிரேக்கத்தில் ‘ஐத்தியா’ என்றால் காரணம். பொறுப்பு, குற்றச்சாட்டு என்ற பொருள்களும் உண்டு. நோய் அதில் இல்லை. மருத்துவத்தில் அதிகம் புழங்கியதால் தமிழாக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘நோய்முதல்’ என்கிறார்கள். குறளில் வரும் அருமையான சொல். மருத்துவத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. குற்றத்துக்கு வேண்டாம். சரி, நோயை வெட்டிவிட்டு ‘முதலாய்வு’ என்றால்? தோட்டத்து மக்கள் காதில் அது கடைக்குப் போட்ட முதலாகத்தான் விழும். ‘காரணம்’ வடசொல் என்று தள்ளி ‘ஏது’ என்பவர்களுக்கு ஒன்று: ஏதுவும் ‘ஹேது’விலிருந்து வந்ததே.

இதில் நான் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் ஆய்வுகள்தாம். அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிங்கெல்ஹோர் 1984இல் பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் நடப்பதற்கு நான்கு படிகளைச் சொன்னார்: தூண்டுதல் இருப்பது, தன் மனத்தடையை மீறுவது, பிள்ளையைச் சுற்றியுள்ள காவலைத் தாண்டுவது, பிள்ளையின் எதிர்ப்பை முறியடிப்பது. மூன்றாவது படியில் எங்கே நோய்? தனியாக விடப்பட்ட பிள்ளையும், கேள்வி கேட்காத பெரியவர்களும் அல்லவா அங்கே இருக்கிறார்கள்! பிள்ளைகளிடம் அத்துமீறுகிற எல்லாருக்கும் பிள்ளைகள் மீது பாலியல் நாட்டக் கோளாறு இருப்பதும் இல்லை. நோய் என்றதும் தொற்று என்ற நினைப்பும் கூடவே வருகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளையையே நாளைய குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் அத்துமீறுவதில்லை.

ஆகவே துறைநூலில் ‘குற்றக் காரணவியல்’ என்று எழுதலாம். குற்றம் படிப்படியாக வளர்வதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘காரணமும் படிவளர்ச்சியும்’. மண்டபத்தில் பேசும்போது ‘பாலியல் குற்றம் எப்படி உருவாகிறது’ என்றாலே போதும். மலாயில் காரணத்தை ‘பூன்சா’ (punca) என்றால் இங்கே எல்லாருக்கும் புரிகிறது. தமிழில் மட்டும் எதற்கு இத்தனை கனம்? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ‘இயல்’ சேர்த்துவிட்டு, எந்தத் துறை, யார் கேட்கப்போகிறார்கள் என்று பார்ப்பதே இல்லை. அந்தத் திரையைத் தயாரித்தவர் பாட்டிக்கு ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார்.