கழற்றலாம், பிரிக்கக் கூடாது

திருக்கடலூர்த் தம்பி ஒருவர் போன மாதம் கன்னத்தில் தையலோடு என் பட்டறைக்கு வந்தார். அவருடைய படகு என்ஜினின் ஸ்டார்டர் கயிறு இழுபடவில்லை. கையேட்டைப் பார்த்தே ஸ்டார்டரைக் கழற்றியிருக்கிறார். அதுவரை சரி. பிறகு கயிறு சுற்றியிருக்கும் வட்டையும் நெம்பித் தூக்கியிருக்கிறார். உள்ளே முறுக்கேறிக் கிடந்த சுருள்வில் பாய்ந்து கன்னத்தைக் கிழித்துவிட்டது. சற்று மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ‘ரிமூவ்’, ‘டிஸ்அசெம்பிள்’ இரண்டையும் ‘கழற்று’ என்றே விளங்கிக்கொண்டிருந்தார். நாமும் பட்டறையில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம்!

ரிமூவ் என்றால் ஒரு பாகத்தை முழுசாக என்ஜினிலிருந்து கழற்றி எடுப்பது. டிஸ்அசெம்பிள் என்றால் அந்தப் பாகத்தையே துண்டு துண்டாகப் பிரிப்பது. அசெம்பிள் என்பது பூட்டுவது. முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தால் பூட்டியதைப் பிரிப்பது. திரும்பப் பூட்டுவதற்காகவே பெரும்பாலும் பிரிப்பதால், கையேட்டில் அடுத்து ‘ரீஅசெம்பிள்’ வரும். அப்படி வராமல், ‘டூ நாட் டிஸ்அசெம்பிள்’ என்று இருந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுங்கள். என்ஜினைத் தூக்கி இறக்கும் பகுதியில் வாயு அடைத்த உருளை இருந்தால் அதில் இப்படி எழுதியிருக்கும். லித்தியம் பற்றரியிலும் இருக்கும். அதைப் பிரித்தால் தீப்பிடிக்கும்.

‘டிஸ்மான்டில்’ இதற்கு உறவான சொல். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. கோட்டையின் மதிலை அகற்றி அதைக் காவலற்றதாக்குவதே அதன் ஆரம்பப் பொருள். திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும். என்ஜினுக்கும் இதைச் சொல்வார்கள், ஆனால் சோதனைச்சாவடி, சாரம், பழைய படகு என்று இனி அந்த இடத்தில் நிற்கக் கூடாததை அகற்றுவதற்கே அதிகம் பொருந்தும். ஒரு நிர்வாக முறையைக் கலைப்பதற்கும் டிஸ்மான்டில்தான். அங்கே டிஸ்அசெம்பிள் ஒட்டாது.

என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகள் இப்போது ரிமூவ் என்றால் ‘கழற்று’, டிஸ்அசெம்பிள் என்றால் ‘பிரி’ என்று மட்டுமே சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் வேலையை நிறுத்திவிடுவேன். கையேட்டில் விளங்காத வரி இருந்தால், மூடியைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.