மதிப்பீட்டு எழுத்தறிவா, மதிப்பீட்டறிவா?

மொழியாசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று கைக்கு வந்தது. தலைப்பு: 'நெகிழிக் கற்றலில் மதிப்பீட்டு எழுத்தறிவு'. நெகிழி என்றால் பிளாஸ்டிக், ஐயா. மாணவரின் நேரத்துக்கும் இடத்துக்கும் வேகத்துக்கும் வளைந்துகொடுப்பது நெகிழ்வுக் கற்றல். சரி, இதை அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். 'மதிப்பீட்டு எழுத்தறிவை' அப்படி விட முடியாது, அடிக்கடி கண்ணில் படுகிறது.

மூலம் 'அசெஸ்மென்ட் லிட்டரசி', அதாவது மாணவரின் கற்றலை எப்படி மதிப்பிடுவது என்று ஆசிரியர் அறிந்திருப்பது. 1991இல் அமெரிக்கக் கல்வியாளர் ரிக் ஸ்டிகின்ஸ் இந்தத் தலைப்பிலேயே கட்டுரை எழுதினார், அதன்பின் இந்தச் சொற்றொடர் பரவியது. அசெஸ் என்பதற்கு லத்தீன் வேரில் 'அருகே அமர்தல்' என்று பொருள். லிட்டரசியின் வேர் எழுத்து. நம் 'மதிப்பிடு', இடு ஈடாக நீண்டு 'மதிப்பீடு' ஆனது. இலங்கையில் 'கணிப்பீடு' என்பார்கள், அதுவும் நல்ல சொல்லே.

வம்பு லிட்டரசியில்தான். ஆங்கிலத்தில் அது எழுத்தை விட்டு வெகுதூரம் போய், ஒரு துறையில் தடுமாறாமல் செயல்படப் போதுமான அறிவைக் குறிக்கிறது. நம் எழுத்தறிவு அப்படி நகரவே இல்லை. அறிவொளி இயக்கத்தில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகிய பாட்டி பெற்றது எழுத்தறிவு. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் எழுத்து என்றால் எழுத்துதான். முப்பது ஆண்டு யாப்பு நடத்திய தமிழாசிரியரைக் கூப்பிட்டு 'உங்கள் எழுத்தறிவை வளர்க்கிறோம்' என்றால் அவர் என்ன நினைப்பார்? 'கல்வியறிவு' என்று மாற்றுவோரும் உண்டு, அதே அவமானம், அதே ஆறெழுத்து. 'மதிப்பீட்டுத் தேர்ச்சி' என்றால் ஆசிரியர் ஏதோ பரீட்சையில் பாஸானதுபோல் இருக்கிறது. 'மதிப்பிடும் திறன்' பரவாயில்லை, ஆனால் கைப்பழக்கத்தை மட்டும் சொல்கிறது.

கொரோனாக் காலத்தில் வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் வாசித்து அனுப்பிய ஒலிப்பதிவுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் தங்குதடையின்றி வாசிக்கிறான், பின்னால் அம்மாவின் கிசுகிசுப்பு. அதற்கு மதிப்பெண் போடாமல், போன் போட்டு 'நீ வாசித்ததில் அந்தக் கிழவர் ஏன் கோபப்பட்டார்?' என்று கேட்க ஆசிரியருக்குத் தோன்ற வேண்டும். ழகரம் சறுக்குவதையும் பொருள் புரியாததையும் வேறுவேறாகக் குறித்துவைக்க வேண்டும். எதை அளக்கிறோம், எந்தக் கருவி பொய் சொல்லும் என்று தெரிந்திருப்பதுதான் விஷயம். பட்டறிவு, நூலறிவு, கேள்வியறிவு என்று சொல்லிப் பழகிய நமக்கு 'மதிப்பீட்டறிவு' என்றால் புரியாதா?

பாடம் நடக்கும்போதே மதிப்பிடுவது வளரறி மதிப்பீடு, முடிவில் மொத்தமாக மதிப்பிடுவது தொகுத்தறி மதிப்பீடு என்று எவ்வளவு அழகாக ஆக்கியிருக்கிறார்கள்! அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? இப்போது அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டினால் மொழிபெயர்ப்பு முடிந்தது. நிதி எழுத்தறிவு, ஊடக எழுத்தறிவு, நலவாழ்வு எழுத்தறிவு, அப்புறம் இது.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சுயபரிசோதனைப் படிவம். 'உங்கள் மதிப்பீட்டு எழுத்தறிவு எந்த நிலையில் உள்ளது?' என்ற கேள்விக்கு 'அ, ஆ எழுத வரும்' என்று நிரப்பிக் கொடுத்தேன்.