அலாஸ்கா கப்பலுக்கு நாள் குறிப்பது

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம் சுற்றுலாக் கப்பல்கள் ஓடுவது ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். அதற்குள் எது நல்ல மாதம் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் ஜூலை என்பார்கள். அது பாதிதான் சரி. வெளிச்சத்துக்கு ஒரு உச்சம், மீனுக்கு ஒரு உச்சம், மழைக்கு ஒரு உச்சம் என்று அங்கே தனித்தனியாக உண்டு. எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்பதில்லை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரிசையாக வருகின்றன. அந்த வரிசை பிடிபட்டால் மாதம் தேர்வது சுலபம்.

முதலில் வருவது வெளிச்சம். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ 58 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஜூன் 21 அன்று அங்கே பகல் 18 மணி 17 நிமிடம். சூரியன் மறைந்த பிறகும் முழு இருட்டு வராது. செப்டம்பர் நடுவில் பகல் 13 மணி நேரத்துக்கும் குறைவு. கப்பல்கள் பகலில் துறைமுகத்தில் நின்றுவிட்டு மாலைக்கு மேல்தான் கிளம்புகின்றன என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். ஜூனில் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு மேல்தளத்துக்குப் போனாலும் மலையும் தெரியும், திமிங்கிலத்தின் மூச்சும் தெரியும். செப்டம்பரில் அதே நேரத்தில் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். ஏழு நாள் பயணத்தில் இழப்பு 35 மணி நேரத்துக்கும் மேல்.

மழை இதற்கு நேர் எதிர். வசந்தத்திலும் முன்கோடையிலும் வட பசிபிக்கின் மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் உட்கார்ந்துகொண்டு புயல்களை ஒதுக்கிவிடும். ஆகஸ்டுக்குப் பிறகு அது தளர்ந்து, அலூஷியன் தீவுகளின் பக்கம் தாழ்வழுத்தம் வலுக்கும். ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மேலேறி, குளிர்ந்து கொட்டும். அதனால் ஜூனோவில் செப்டம்பர் மழை மே மாதத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கப்பல்கள் நிற்கும் இன்னொரு ஊரான கெட்சிகனில் ஆண்டு மழை சுமார் 3,800 மி.மீ.; அங்கே மே மாதத்திலும் குடை விரியும். மலைகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஸ்காக்வேயில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹெலிகாப்டரிலோ சிறு விமானத்திலோ பறக்கும் ஆசை இருந்தால், மற்ற ஊர்களைவிட ஸ்காக்வேயில் பதிவு செய்வது புத்திசாலித்தனம். தாழ்ந்த மேகத்தால் ரத்தாகும் வாய்ப்பு அங்கே குறைவு.

மேகம் எல்லாவற்றுக்கும் எதிரி என்றும் சொல்ல முடியாது. பனியாற்றின் நீலம் மூட்டமான நாளில்தான் ஆழமாகத் தெரியும். இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சி நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது. நேர் வெயிலில் மேற்பரப்பின் வெள்ளைப் பளபளப்பு அந்த நீலத்தை அமுக்கிவிடும்.

இனி உயிர்கள். மார்ச், ஏப்ரலில் வெளிச்சம் ஏறியதும், குளிர்காலப் புயல்கள் கலக்கி மேலே கொண்டுவந்த சத்துகளைத் தின்று நுண்பாசி பெருகும். அதைத் தின்ன இறால் போன்ற சிற்றுயிரான கிரில், கிரிலைத் தின்ன ஹெர்ரிங் மீன், இரண்டையும் தின்ன கூன்முதுகுத் திமிங்கிலம். குளிர்காலத்தை ஹவாயில் ஏறக்குறையப் பட்டினியாகக் கழித்துவிட்டு, சுமார் 4,800 கி.மீ. நீந்தி அவை வருகின்றன. ஏப்ரலிலேயே முதல் கூட்டம் வந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். செப்டம்பரிலும் கணிசமாகத் தங்கியிருக்கும். ஆகவே திமிங்கிலம் மட்டும்தான் குறி என்றால் மாதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஜூனோவிலிருந்து கிளம்பும் சிறு படகில் ஏறுவது அதைவிட முக்கியம். பெரிய கப்பலின் பத்தாம் தளத்திலிருந்து திமிங்கிலம் ஒரு கரும்புள்ளியும் கொஞ்சம் புகையும்தான்.

அந்தச் சிறு படகிலிருந்து வாய்த்தால் பார்க்க வேண்டியது குமிழி வலை. ஒரு திமிங்கிலம் ஹெர்ரிங் கூட்டத்துக்குக் கீழே வட்டமாக நீந்திக்கொண்டே காற்றை விடும். மேலே நீர்ப்பரப்பில் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடித்து ஒரு வளையம் வரையும். மீன்கள் குமிழிச் சுவரைத் தாண்டப் பயந்து நடுவில் நெருங்கும். கடற்பறவைகள் அந்த வளையத்தின் மேல் சட்டென்று கூடும். அதுதான் கேமராவைத் தூக்க வேண்டிய நொடி. அடுத்த சில நொடிகளில் ஐந்தாறு திறந்த வாய்கள் ஒன்றாக மேலே வரும். திமிங்கிலத்தை 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், நெருங்கக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். நெருக்கமாகக் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுக்கும் படகைத் தவிர்த்துவிடுங்கள்.

கரடிக்குத்தான் மாதம் கறாராகப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் தூக்கம் கலைந்த கரடிகள், ஓதம் வற்றிய கரைகளில் இளங்கோரைப்புல் மேயும். கப்பலிலிருந்தே தொலைநோக்கியில் தெரியலாம், ஆனால் சிதறி இருக்கும். ஜூனில் பல கரடிகள் காட்டுக்குள் போய்விடும். ஜூலை நடுவில் இளஞ்சிவப்பு சால்மன், ‘சம்’ சால்மன் என்ற இரண்டு வகை மீன்களும் ஓடைகளில் ஏறத் தொடங்கியதும் நிலைமை தலைகீழ். ஆகஸ்டில் கெட்சிகன் ஓடைப் பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் தண்ணீரைவிட மீன் அதிகமாகத் தோன்றும்; ஆழமில்லாத இடத்தில் முதுகு வெளியே தெரிய உடம்பை அடித்து அடித்து ஏறும். முட்டையிட்டு முடிந்த மீன் செத்துக் கரையொதுங்கும். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துபவர்கள் உண்டு. கரடிக்கு அதுதான் சாப்பாட்டு மணி.

ராங்கெல் ஊருக்கு அருகிலுள்ள அனான் ஓடையில் கருங்கரடியும் பழுப்புக் கரடியும் ஒரே ஓடையில் மீன் பிடிக்கும். ஜூலை 5 முதல் ஆகஸ்டு 25 வரை அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். எந்த வாரத்தில் கரடி அதிகம் என்பதற்கு அந்தத் தேதிகளே துப்பு. எந்தக் கரடி எங்கே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அட்மிரால்டி, பாரனாஃப், சிச்சகாஃப் ஆகிய மூன்று தீவுகளில் பழுப்புக் கரடி மட்டுமே, தெற்கே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் கருங்கரடி மட்டுமே.

பனியாறுகளுக்கு வேறொரு நாள்காட்டி. மே மாதத்தில் குறுகிய கடல்நீர்ப் பள்ளத்தாக்குகளில் மிதக்கும் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டு, கப்பல் பனியாற்றின் முகம் வரை போக முடியாமல் திரும்புவது வழக்கம். ஹப்பார்டு பனியாற்றிலும் இதே கதைதான். கோடை முற்ற முற்ற நெருங்கிப் போகும் வாய்ப்புக் கூடும். கடல் சூடேறி, பனியாற்றின் அடியில் உருகுநீர் பாய்ந்து, முகப்பை அரிப்பதால் பனிப்பாளங்கள் இடிந்து விழுவதும் பின்கோடையில் அதிகம். பனியாற்று விரிகுடா தேசியப் பூங்காவில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. அதனால் பயணத்திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையைப் பார்க்க வேண்டும். அந்தப் பூங்காவுக்குள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கிளையில் மிதக்கும் பனிமேல் சீல்கள் குட்டி போடுகின்றன. மே 1 முதல் ஆகஸ்டு 31 வரை சுற்றுலாக் கப்பல்கள் அங்கே நுழைய முடியாது. செப்டம்பர் பயணிக்கு மட்டும் கிடைக்கும் சலுகை இது. பயணத்திட்டத்தில் டிரேசி ஆர்ம் என்ற கடல்நீர்ப் பள்ளத்தாக்கைப் போட்டிருந்தால் கூடுதலாக விசாரியுங்கள்: 2025 ஆகஸ்டு 10 அன்று அங்கே பெரும் நிலச்சரிவு கடலில் விழுந்து பேரலை எழுந்தது.

இன்னொன்று, பனியாற்றின் மேலிருந்து குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து இறங்கும். ஊருக்குள் ஊட்டிக் குளிர் மட்டுமே இருக்கும் ஜூலையிலும் பனியாற்றின் முன் கையுறை வேண்டும். குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு, நீர்புகா மேலங்கி எடுங்கள். தொலைநோக்கி 8 மடங்கு போதும். 10 மடங்கில் கப்பலின் அதிர்வும் பத்து மடங்காகும்.

மொத்தத்தில் எங்கள் தேர்வு: ஒரே தடவைதான் போக முடியும் என்றால் மே கடைசி வாரம் முதல் ஜூன் நடுப்பகுதி வரை. வறண்ட வானம், நீண்ட பகல், சிகரங்களில் இன்னும் வெண்பனி, திமிங்கிலமும் வந்தாயிற்று. கரடி பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்பவர்களுக்கு ஜூலை கடைசியும் ஆகஸ்டின் முதல் பாதியும். அப்போது கட்டணமும் கூட்டமும் உச்சம். ஜூனோவில் வசிப்பவர்களே முப்பதாயிரத்துச் சொச்சம். ஒரே நாளில் ஐந்து பெரிய கப்பல் நின்றால் தெருவில் நடக்க இடமிருக்காது. தமிழ்நாட்டிலிருந்து பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மே விடுமுறை வசதியாகவே அமைகிறது. அப்போது கட்டணமும் குறைவு. பனியாற்றை எட்டிப் பார்க்க முடியாமல் போகலாம், மலைப்பாதைகளில் பனி கிடக்கலாம் என்பதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். செப்டம்பரில் இருட்டு திரும்புவதால் துருவ ஒளி தெரியலாம் என்று விளம்பரம் செய்வார்கள். இருட்டு உண்மைதான், மேகமும் உண்மை. அதை நம்பி மட்டும் பணம் கட்ட வேண்டாம். தவிர, அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் ஒருவழிப் பயணங்கள் அப்போது வயிற்றைப் புரட்டும்.

எங்கிருந்து ஏறுகிறீர்கள் என்பதும் காட்சியை மாற்றும். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல் வான்கூவர் தீவுக்கு உள்பக்கமாக, சீமோர் நேரோஸ் என்ற குறுகிய நீர்வழியாகப் போகும். அங்கே நீரோட்டம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தை எட்டும் என்பதால் ஓதம் அடங்கும் சில நிமிடங்களுக்காகக் கப்பல்கள் நேரம் பார்த்துக் காத்திருக்கும். அங்கே நீருக்கடியில் இருந்த ரிப்பிள் பாறையை 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சியாட்டிலிலிருந்து வருபவை பெரும்பாலும் தீவுக்கு வெளிப்பக்கமாக, திறந்த கடலில் போகின்றன. ஆட்டம் அதிகம், காட்சி குறைவு.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினாலும் கப்பல் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நேரமாவது நிற்கும். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் வேற்றுநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் இப்படிச் சுற்றுலா நடத்தக்கூடாது என்பது 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் விளைவு. எனவே இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாகவும் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. கடவுச்சீட்டும் கார்டும் கையில் இருந்தால் போதும்.