சைல்ட்கேரிலிருந்து குழந்தையை நிறுத்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆஸ்திரேலியாவில் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று குழந்தையை சைல்ட்கேரிலிருந்து நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து "ஏதாவது உதவி கிடைக்குமா?" என்று விசாரிக்கும் தமிழ்க் குடும்பங்கள் குறைந்தபாடில்லை. நிறுத்துவதற்கு முன் கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். இப்போது அந்த இடத்தில் வேறொரு குழந்தை சேர்ந்திருக்கும்.

சிசிஎஸ் எனும் குழந்தைப் பராமரிப்பு மானியம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஏசிசிஎஸ் என்ற கூடுதல் மானியம் ஒன்று இருக்கிறது. இரண்டும் 2018 ஜூலை 2 முதல் நடைமுறையில் உள்ளன. ஏசிசிஎஸ் நான்கு வகை: குழந்தை நலன், தற்காலிகப் பண நெருக்கடி, பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி, வேலைக்குத் திரும்புவோர்.

எங்களைச் சோர்வடைய வைப்பது முதல் வகை பற்றிய பயம். "குழந்தை நலன்" என்று சொன்னதும் பெற்றோர் முகம் மாறிவிடுகிறது. "வேண்டாம், குழந்தையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்கிறார்கள். இல்லை. இது ஒரு மானியம். குழந்தையைப் பிரிக்கும் உத்தரவு இல்லை. வீட்டு வன்முறை, கடுமையான துன்புறுத்தல், கவனிப்பின்மை ஆகியவற்றால் குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்று சைல்ட்கேர் நிலையம் கருதினால், நிலையமே சான்று கொடுக்கிறது. 12 மாதத்தில் மொத்தம் 6 வாரத்துக்கு இப்படிச் சான்று தரலாம். 28 நாள் வரை முன்தேதியிட்டும் தரலாம். மானியம், அரசு வைத்திருக்கும் மணிநேரக் கட்டண உச்சவரம்பில் 120 சதவீதம் வரை முழுக் கட்டணத்தையும் ஏற்கிறது. இரண்டு வாரத்துக்கு 100 மணி நேரம். நீங்கள் வேலை செய்கிறீர்களா என்ற கேள்வியே இல்லை.

சான்று கொடுத்த நிலையம் 6 வாரத்துக்குள் உரிய மாநில ஆதரவு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மைதான். குடும்பத்துக்குத் துணை கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. குழந்தைக்கு ஆபத்து என்று ஊழியர் நம்பினால் புகார் செய்ய வேண்டிய சட்டக் கடமை இதிலிருந்து தனியானது. நீங்கள் மானியம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது இருக்கும். ஆகவே மானியத்தை மறுப்பதால் நீங்கள் ஒளித்துவைக்கப்போவது எதுவும் இல்லை. கணவனின் வன்முறையிலிருந்து வெளியேறிய தாய், இந்தப் பயத்தால் முழுக் கட்டணத்தையும் தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தயவுசெய்து நிலைய இயக்குநரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள்.

இந்த மானியம் தொடர வேண்டுமானால், 6 வாரம் முடிவதற்குள் அடுத்த கட்டத்துக்கு நிலையம் விண்ணப்பிக்க வேண்டும். அது வழக்கமாக 13 வாரம் வரை. அதற்கு மருத்துவர், சமூகப் பணியாளர், வன்முறை ஆதரவு அமைப்பு போன்றவர்களின் கடிதம் தேவைப்படும். முதல் வாரத்திலேயே கடிதத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் வாரத்தில் அலைந்தால் கிடைக்காது.

வருமானம் குறைவு என்பது மட்டும் குழந்தை நலன் வகைக்குப் போதாது. வேலை போனது, வாழ்க்கைத்துணை இறந்தது, வெள்ளம், தீ போன்ற எதிர்பாராத அடி என்றால் தற்காலிகப் பண நெருக்கடி வகை. நடந்து 6 மாதத்துக்குள், அரசு உதவித்தொகைகளைக் கையாளும் சென்டர்லிங்கில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நிகழ்வுக்கு 13 வாரம் வரை கிடைக்கும். ஆறு மாதம் தாண்டிவிட்டால் எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

தாத்தா பாட்டி வகை, பேரப்பிள்ளையின் முதன்மைப் பொறுப்பை ஏற்று, சென்டர்லிங்கின் வருமான ஆதரவுத் தொகையும் பெறுவோருக்கு. பார்வையாளர் விசாவில் வந்து பேரனைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இல்லை.

விசா விஷயத்தில் ஊகம் வேண்டாம். குடிமக்கள், நிரந்தர விசா உள்ளவர்கள் மட்டுமல்லாமல் தற்காலிகப் பாதுகாப்பு விசா போன்ற சில வகையினருக்கும் சிசிஎஸ் உண்டு. விக்டோரியாவில் அகதி, புகலிடக் கோரிக்கைப் பின்னணி உள்ள மூன்று வயதுக் குழந்தைகளுக்கு 'ஏர்லி ஸ்டார்ட் கிண்டர்கார்டன்' திட்டத்தில் வாரம் 15 மணி நேரம் இலவசம். இதைக் கேட்காமலேயே வீட்டில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

"சென்டருக்கு அரசு பணம் தருகிறதே, எங்களிடம் ஏன் கட்டணம்?" என்றும் கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் அந்தப் பணம், சமூகக் குழந்தைப் பராமரிப்பு நிதி, பின்தங்கிய, தொலைதூரப் பகுதிகளில் நிலையம் மூடாமல் தாக்குப்பிடிக்கவும், சேராத குடும்பங்களைச் சென்றடையவும் தரப்படும் மானியம். உங்கள் பில்லைக் குறைப்பது சிசிஎஸ்-உம் ஏசிசிஎஸ்-உம்தான்.

எந்த வகையானாலும் பணம் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மைகவ் (myGov) எனும் அரசு இணையக் கணக்கில் குழந்தையின் சேர்க்கையை உறுதிசெய்யாமல் விடுவது. நிலையம் விவரத்தை அனுப்பிவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் உள்ளே போய் 'உறுதி' அழுத்தினால்தான் மானியம் ஓடும். சிசிஎஸ் விண்ணப்பத்துக்கு முன்தேதி 28 நாள் வரைதான். அதற்கு முந்தைய வாரங்களின் முழுக் கட்டணமும் உங்கள் தலையில். தடுப்பூசி விவரம் பதிவேட்டில் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் போட்ட ஊசிகளை இங்குள்ள மருத்துவர் பதிந்தால்தான் கணக்கு. குழந்தை வராத நாள் நிதியாண்டுக்கு 42 வரை மானியத்தில் சேரும், அதற்கு மேல் காரணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். ஊருக்கு நீண்ட விடுமுறை போவதற்கு முன் இதைக் கணக்கிடுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 202 சென்டர்லிங்கின் பல்மொழி எண். "தமிழ்" என்று சொல்லுங்கள். உறவுக்காரரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், குறிப்பாக வீட்டு வன்முறை பற்றிப் பேச வேண்டியிருந்தால்.