சோலாருக்கு முற்பணம் கட்ட முன்

கூரைச் சோலாரை இலங்கை மின்சார சபை லைனோடு இணைக்க முக்கியமாக மூன்று முறை உண்டு. நெற் மீற்றரிங்கில் மிஞ்சும் யூனிட் கணக்கில் வரவாக நிற்கும், காசாக வராது. நெற் அக்கவுண்டிங்கில் மிஞ்சுவதற்குக் காசு வரும். நெற் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்று, எரிப்பதற்கு வழமைபோல பில் கட்டவேண்டும். 2016க்குப் பிறகு சபை யூனிட்டை வாங்கும் விலை பலமுறை மாறிவிட்டது. சோலார் கொம்பனியின் பழைய நோட்டீசைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆட்கள் தடக்குப்படுவது பில்லில் உள்ள பெயரில். மின்கணக்கு யார் பெயரிலோ அவரோடுதான் ஒப்பந்தம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போய் முப்பது வருடம், பில் இன்னும் காலமான அம்மப்பாவின் பெயரில். உறுதிக்காரியான மகள் கனடாவில். விண்ணப்பத்தோடு போனால் "பேரை மாத்திக்கொண்டு வாங்கோ" என்பார்கள். மாற்றப் போனால் ஒருநாள் உறுதிப் பிரதி, அடுத்தநாள் மரணச் சான்றிதழ், பிறகு அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அற்றோணித் தத்துவம். ஒரே தடவையில் சொல்லக்கூடிய விஷயத்துக்குச் சனம் மூன்று நாள் வேலையை விட்டு அலைகிறது. தேவையான கடதாசிகள் எல்லாவற்றையும் முதல்நாளே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய நிலுவை இருந்தால் தீர்த்துவிட்டுப் போங்கள்.

பெயர் சரிவந்தாலும், ஒழுங்கையில் ஏற்கெனவே பலர் சோலார் பூட்டியிருந்தால் ரான்ஸ்போமரில் இடமில்லை என்று விண்ணப்பம் நின்றுவிடும். "அதெல்லாம் நாங்கள் பார்ப்பம்" என்று கொம்பனி முற்பணம் கேட்கும். சபையின் அனுமதி கடிதமாகக் கையில் வரும்வரை சல்லிக்காசு கொடுக்காதீர்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் முறையிட அதுதான் ஆதாரம்.

வெயில் நாளில் மதியம் 12 மணிக்கு வீட்டுப் பிளக்கில் வோல்ற்றை அளந்து பாருங்கள். 230 வோல்ற்றுக்கு 6 வீதம் கூடக்குறையலாம் என்பது விதி, அதாவது மேல் எல்லை கிட்டத்தட்ட 244. இப்போதே அதைத் தொட்டால், பூட்டிய பிறகு வோல்ற் எல்லை தாண்டி, சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டர் நல்ல வெயிலில்தான் அடிக்கடி நிற்கும்.

ஒரு கிலோவாற் மாதம் சுமார் 110–120 யூனிட் தரும். மாதம் 200 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 2 கிலோவாற் போதும், ஆனால் 5 விற்கத்தான் வருவார்கள். சோலார் உங்கள் மின் இணைப்பின் ஒப்பந்த அளவைத் தாண்டினால் இணைப்பையே கூட்டவேண்டி வரலாம், அதற்கு வேறு விண்ணப்பம், வேறு காசு. பற்றரி இல்லாத சோலார் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும்.

கொம்பனிக்கான கடைசித் தவணையைச் சபை மீற்றர் மாற்றும் நாள்வரை பிடித்து வையுங்கள். அதற்கு முன் இன்வேட்டரை இயக்கவும் விடாதீர்கள். சில பழைய மீற்றர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் எரித்ததாகவே பதியும்.